மனுதாரரின் கையெழுத்து தெளிவாக உள்ளது

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவள் ஜெபராணி, பக்கத்து மேசைக்காரி. கலெக்டர் ஆபீஸ் சுற்றுச்சுவரை ஒட்டி நான் முப்பத்தொரு வருடமாகக் கையால் மனு எழுதுகிறேன். அவள் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டரில் மனு அடிக்கிறாள். தொழிலில் எனக்கு எதிரி. வெயில் ஏறினால் இருவரும் ஒரே குடைக்குக் கீழே உட்கார்ந்துகொள்வோம், அது வேறு விஷயம்.

தினமும் சாயங்காலம் இதில் என் உடம்பைப் பற்றி எழுத வேண்டுமாம். இன்ன தேதியில் இன்னது செய்ய முடியவில்லை என்று குறித்து வைத்தால் மேல்முறையீட்டுக்கு உதவும் என்கிறாள்.

மேல்முறையீடு எதற்கென்றால், எனக்குப் பார்க்கின்சன் என்கிற நரம்பு வியாதி வந்து நாலு வருடம் ஆகிறது. இந்த வியாதிக்காரர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. அதற்கு ஊனம் நாற்பது விழுக்காடாவது இருக்கிறதென்று மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். எனக்குப் பதினெட்டு என்று எழுதிவிட்டார்கள். காரணமும் போட்டிருக்கிறார்கள்.

"மனுதாரர் தம் கைப்பட எழுதிய மூன்று பக்க மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரரின் கையெழுத்து தெளிவாக உள்ளது. கைகளின் இயக்கம் இயல்பானது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆபீஸ் என் கையெழுத்தைப் பாராட்டி எழுத்துமூலமாகக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. படித்ததும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் மனைவி செண்பகவல்லிக்கு அந்தச் சந்தோஷம் பிடிபடவில்லை.

தொகை வந்தால் மாத்திரைச் செலவை அது பார்த்துக்கொள்ளும். வராவிட்டால் வல்லி முழங்கால் வலியோடு அப்பளக் கம்பெனிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று செய்ய முடியாதது: எதுவுமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சட்டை போட்டேன். ஐந்து பொத்தான். ரேடியோவில் செய்தி ஆரம்பித்தபோது முதல் பொத்தான், விளையாட்டுச் செய்தி வந்தபோது மூன்றாவது. மிச்சத்தை வல்லி போட்டுவிட்டாள். அவளுக்குக் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

இன்று செய்ய முடியாதது: எதுவுமில்லை.

ஜூன் 12, வியாழன்

ஜெபராணி இன்று குறுக்கு விசாரணை செய்தாள். அந்த மூன்று பக்க மனுவை எத்தனை நாளில் எழுதினேன் என்று கேட்டாள். பதினொரு நாள் என்றேன்.

காலை மாத்திரை பத்து மணிக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். பதினொன்று வரை கை என் சொல்லைக் கேட்கும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தொழில் நேரம். மத்தியான மாத்திரைக்கு அவ்வளவு விசுவாசம் கிடையாது. ஆகவே ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி. கோணிய பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நாலு பக்கம் கிழிந்தது.

"அத மனுல எழுதுனீயளா அண்ணாச்சி?"

எழுதவில்லை. விருந்துக்கு வந்தவர்களிடம் சோறு எத்தனை தடவை அடிப்பிடித்தது என்று யாராவது சொல்வார்களா?

அடுத்து மருத்துவக் குழுவில் நடந்ததைக் கேட்டாள். அங்கே சரியாகப் பத்தே காலுக்குக் கூப்பிடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒன்பதே காலுக்கு மாத்திரை போட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டாக்டர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டார். நல்லா இருக்கேன் சார், நீங்க நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகும்போது நடுங்கிக்கொண்டா போக முடியும்?

ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டாள். 

இன்று செய்ய முடியாதது: எதுவுமில்லை.

ஜூன் 16, திங்கள்

திங்கள் மனு நாள். கலெக்டர் நேரில் வாங்குவதால் கூட்டம் அதிகம். கணவனை இழந்த ஒரு பெண் உதவித்தொகை மனு எழுத என்னிடம் வந்தாள். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஜெபராணியிடம் அனுப்பினேன். பேனா நேற்று வாங்கியது.

அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு என்றால் மட்டும் ஜெபராணி என்னைத்தான் கூப்பிடுவாள், ஏனென்றால் ஆபீசில் திருப்பி அனுப்பாத கைநாட்டு என் மேசையில்தான் கிடைக்கும். எல்லோரும் பெருவிரலை மைப்பெட்டியில் அமுக்கி, தாளிலும் அமுக்குவார்கள். கறுப்பாக ஒரு அப்பளம்தான் விழும். விரலை அழுத்தக் கூடாது. நகத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவை உருட்ட வேண்டும், அவ்வளவுதான்.

விரலைப் பிடித்து உருட்டிக் கொடுத்தேன். வழக்கம்போல, பெயர் எழுதக் கற்றுக்கொள்ளம்மா, அரை மணி நேரம்தான் ஆகும் என்றும் சொன்னேன். இதுவரை நாற்பத்திரண்டு பேருக்கு அவரவர் பெயரை எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள்.

நான் எழுதிய மனு: பூஜ்யம். மனு நாளில் இது முதல் தடவை.

ஒரு நல்ல செய்தி. நோட்டு சிக்கனமாகப் போகிறது. முதல் நாள் ஒரு பக்கம் பிடித்த அளவு இப்போது அரைப் பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

ஜூன் 21, சனி

இனிமேல் எனக்குக் குழம்பு வேண்டாம், இட்லிக்குப் பொடி போதும் என்று வல்லியிடம் சொல்லிவிட்டேன். குழம்பு பிடிக்காமல் போய்விட்டது. காப்பியும் அரை டம்ளர் போதும். நிறைய ஊற்றுவதால் வேட்டிதான் கெடுகிறது.

ஜூன் 25, புதன்

காலையில் குளிக்கப் போனவன் குளியலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தரை குளிர்ச்சியாக நன்றாக இருந்தது. ஒன்றரை மணிக்கு வல்லி கம்பெனியிலிருந்து வந்த பிறகு எழுந்தேன்.

அவள் குளியலறைத் தாழ்ப்பாளைத் திருப்புளி வைத்துக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

இன்று செய்ய முடியாதது: ஆபீஸ் பக்கம் போகவில்லை. முடியாமல் இல்லை. நேரமாகிவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை என்பது மதுரை டாக்டரின் கணக்கு. என் கணக்கில் வேளைக்கு அரை மாத்திரை தாராளம். பொங்கலிலிருந்து அப்படித்தான் போகிறது. அரிவாள்மனையில் வைத்தால் அழகாக இரண்டாகிறது, அதாவது போன மாதம் வரை அழகாக ஆயிற்று. மனு எழுதிய பதினொரு நாளும், குழுவைப் பார்க்கப் போன அன்றும் காலையில் மட்டும் முழுசாகப் போட்டேன். உடம்புக்கு ரொம்ப இடம் கொடுத்துவிடக் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

அரிசி டப்பாவுக்குப் பின்னால் நான் வைத்திருந்த அரை மாத்திரைகள் வல்லியின் கண்ணில் பட்டுவிட்டன. இவ்வளவு நாள் அந்த டப்பாவை நகர்த்தாதவள் இன்றைக்குத்தான் நகர்த்த வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். பொங்கல் என்றேன். ஒவ்வொரு பாதியாக எண்ணினாள்.

"நான் கம்பெனிக்குப் போறது நீங்க முழுசா முழுங்கணும்னுதான். உனக்காகத்தான் பாதியாக்குனேன்னு மட்டும் சொல்லிராதீய."

அதைத்தான் சொல்வதாக இருந்தேன். வெட்கமாக இருந்தது. இந்த நோட்டில் அதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இன்று முதல் மாத்திரை வல்லியின் சுருக்குப்பையில். மூன்று வேளையும் முழுசு.

ஜூலை 14, திங்கள்

மேல்முறையீடு கொடுக்கக் கடைசி நாள் இருபத்தொன்று. ஜெபராணி நோட்டை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணாச்சி, இதுல வியாதியவே காணோமே. குழம்பு பிடிக்கல, தரை குளுமையா இருக்குன்னுதான் எழுதி வச்சிருக்கீய. இதக் கொண்டுபோய்க் கொடுத்தா இருக்குற பதினெட்டையும் புடுங்கிருவாவ."

உள்ளதைத்தானே எழுத முடியும் என்றேன். அவள் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். மறுபடியும் முதல் பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சாயங்காலம் எழுதுவதால் வெளிச்சம் குறைவு, அதனால் எழுத்து கொஞ்சம் நெருக்கமாக இருக்கும் என்று விளக்கினேன். காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எழுந்துபோய் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில். கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி எடுத்திருக்கலாமே, பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும் என்றேன்.

"இது போதும் அண்ணாச்சி," என்றாள். அதற்குப் பிறகு இன்று முழுவதும் என்னிடம் தொழில் பேசவில்லை. இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தாள். எதிரி டீ வாங்கிக் கொடுத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

மேல்முறையீட்டு மனுவை ஜெபராணி அடித்துக் கொண்டுவந்தாள். "சமூகம் ஐயா அவர்களுக்கு" என்ற வார்த்தை இல்லை. "கருணை கூர்ந்து" இல்லை. ஒரு பக்கத்தில் முடித்துவிட்டாள். மனு என்றால் வாசிக்கிறவர் மூன்றாம் பக்கத்திலாவது இரங்க வேண்டும், இவள் இரங்குவதற்கு இடமே வைக்கவில்லை. பொறுத்துக்கொண்டேன்.

கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. "என்னால் எழுத இயலாததால் இந்த மனுவைப் பக்கத்து மேசையில் உள்ளவர் எழுதினார்" என்று போட்டிருக்கிறாள்.

அதை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றாள். முப்பத்தொரு வருடம் இந்தச் சுவரோரம் உட்கார்ந்து ஊருக்கே எழுதிக் கொடுத்தவன், என் மனுவை நானே எழுதிக்கொள்கிறேன், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று தாளை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 17, வியாழன்

மூன்று வரி. கிழித்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு வரி. குடையை ஜெபராணி பக்கம் தள்ளி வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் குடை தானாக நடுவுக்கு வந்திருந்தது.

ஜூலை 19, சனி

பேனாவை மேசையில் வைத்தேன். திரும்ப எடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

பத்தரை மணிக்கு, அந்தத் தாளைக் கொடு என்று ஜெபராணியிடம் கேட்டேன். புதிதாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். கடைசி வரி அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். காலை மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் போட்டதால் நன்றாக வந்தது.

கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. ஜெபராணியிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

கடிதம் வந்தது. செப்டம்பர் 4, காலை பத்தரை, மேல்முறையீட்டு மருத்துவக் குழு. முந்தின குழுவில் இருந்தவர்கள் யாரும் இதில் இல்லை என்று ஜெபராணி விசாரித்துவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

நாளைக் காலையில் மாத்திரை போடாமல் வர வேண்டும் என்பது ஜெபராணியின் திட்டம். ஒரு வேளை தள்ளிப்போடலாமா என்று மதுரை டாக்டரிடம் போனில் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாள். வல்லியும் அவள் பக்கம்தான்.

அதிகாரிகள் முன்னால் ஆடிக்கொண்டு நிற்பதும் கைலியோடு போய் நிற்பதும் ஒன்றுதான் என்றேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. வல்லி முடிவாக ஒன்று சொன்னாள்.

"எப்படி இருக்கீயன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லப்படாது. அந்த ஒரு வார்த்தய மட்டும் விட்டுருங்க."

சரி என்றேன். நேற்று அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சுருக்குப்பையிலிருந்து எடுத்த ஒரு மாத்திரை, அட்டையோடு வெட்டி எடுத்தது, என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை இங்கே எழுதுவதில் ஆபத்தில்லை. என் எழுத்தை இப்போது வல்லியால் படிக்க முடிவதில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

எல்லாம் முடிந்து, மாத்திரையும் போட்டு, கை திரும்பி வந்த பிறகு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். வல்லி எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். வலக்கை ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து மணிக்கு வல்லி சீட்டுக் கொடுக்கப் போனாள். பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். அட்டையைப் பிரிக்க மனம் வரவில்லை. இருபது நிமிடம் மனம் வரவில்லை. பிறகு அது கீழே விழுந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

வல்லி வந்து குனிந்து எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். வியர்த்திருந்த என் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் பொது இடத்தில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கை ஆடுவது மட்டும் கொஞ்சம் குறைந்தது.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாள் மூத்தவர். எழுந்து நிற்க வேண்டிய பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் நான் நாற்காலிக்குப் போய்ச் சேரவே நேரமாயிற்று. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. எப்படி இருக்கீங்க என்று அந்த அம்மாள் கேட்டார். வல்லி சொன்னது நினைவில்தான் இருந்தது. வாய் கேட்கவில்லை. நல்லா இருக்கேன் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, குரல் எழும்பவில்லை. அதனால் அது குறிப்பில் ஏறவில்லை.

ஜெபராணி இணைத்த ஜெராக்ஸ் தாளை அவர் எடுத்து மற்ற இருவரிடமும் காட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, இரண்டு வரி எழுதுங்க என்றார்.

என்ன எழுதுவது? முப்பத்தொரு வருடமாக எதை முதலில் எழுதுவேனோ அதையே எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் சமூகம் அவர்களுக்கு." உண்மையைச் சொல்கிறேன், என்னால் முடிந்த அளவு நன்றாக எழுதினேன். உதவித்தொகை போனால் போகட்டும், எழுத்து நேராக வர வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். வல்லி என்னை மன்னிக்க வேண்டும்.

முடித்துவிட்டுப் பார்த்தேன். "பெருமதிப்பிற்குரிய" ஓரளவு தெரிந்தது. "ஆட்சியர்" எறும்பு அளவில் இருந்தது. அதற்கப்புறம் கோடுதான்.

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு நன்றாக எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். காலையில் மாத்திரை போட்டால் பதினொரு மணி வரைக்கும் நன்றாக எழுதுவேன் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் தாளைத் தரவில்லை.

"பதினொரு மணிக்கு அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

யாரும் இதுவரை கேட்டதில்லை.

பின்னால் நின்ற வல்லி சொன்னாள்: "அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் காத்திருப்பாவ டாக்டர்."

மூன்று பேரும் எழுதினார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

இதை எழுதுவது வல்லி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவு. ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரி. நோட்டு இனிமேல் தாங்காது. இந்த வாக்கியத்தை எழுத மாட்டேன் என்றாள். எழுத வைத்தேன்.

ஐம்பத்து நான்கு விழுக்காடு. சான்றிதழை வாங்கிக்கொள்ள ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து தொகை வரும். வல்லி இந்த மாதக் கடைசியோடு அப்பளக் கம்பெனியிலிருந்து நின்றுவிடுவாள்.

மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார் குமாஸ்தா. போட்டேன். அவர் அதைப் பார்த்தார், மனுவில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஆள் போட்டதாகத் தெரியவில்லை என்றார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

"கைநாட்டு வச்சிருங்கய்யா," என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

ஜெபராணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார், தாளிலும் அமுக்கினார். விரல் ஆடியதில் கறுப்பு அப்பளம். இன்னொரு தடவை வைத்தார், இன்னொரு அப்பளம். அழுத்தக் கூடாது, உருட்ட வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வல்லியைக் கூப்பிட்டேன். நகத்தின் இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பி, மெதுவாக, அந்தப் பக்கம் வந்ததும் தூக்கிவிடு என்றேன். அவள் என் விரலைப் பிடித்து ஒரே தடவை உருட்டினாள்.

குமாஸ்தா குனிந்து பார்த்துவிட்டு, ரேகை தெளிவாக இருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் ஜெபராணி தன் மேசையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டேன். மை முழுசாகப் போகவில்லை, போகாது, இரண்டு நாள் இருக்கும். எனக்குத் தெரியும்.

பெயர் எழுதக் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று ஜூன் மாதம் சொன்ன பெண் இன்றைக்குத்தான் வந்து என் மேசையில் காத்திருந்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், ஜெபராணி அவள் கையைப் பிடித்து எழுத வைத்தாள். அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. நாற்பத்து மூன்று.

இன்று செய்ய முடியாதது: என் பெயரைக் கையெழுத்திடுவது.

இதை எழுதாமல் வல்லி பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுது என்றேன்.